சிவப்பு அடித்த நீல பம்பு

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று நம் டிராக்டர் மெக்கானிக் சங்கத்தில் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. ஆயுத பூஜை மலரில் போடுவார்களாம். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஸ்பேனர் நம்பரும் ஆட்களின் செல் நம்பரும் மட்டுமே எழுதிய கை இது. தப்பாக எழுதினால் யார் சிரிப்பார்கள், சரியாக எழுதினால் யார் கோபித்துக்கொள்வார்கள் என்று இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து நோட்டை மூடி வைத்துவிடுவேன்.

"உங்க அனுபவத்துல ஒரு பாடம் சொல்லுங்கண்ணா, போதும்" என்றார் செயலாளர்.

அனுபவம் இருக்கிறது. வில்லியனூரில் முப்பத்தைந்து வருடம் கடை நடத்தினேன். பாடம் எது என்பதில்தான் குழப்பம். இன்ஜின் இறக்குவது, கிளட்ச் மாற்றுவது எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். செல்போனில் படம் பார்த்தே கற்றுக்கொள்கிறீர்கள். அதனால் போனில் வராத ஒன்றை எழுதுகிறேன். நான் ஒரு வண்டியில் பம்பு மாற்றினேன். மாற்றியதை மறைத்தேன். பன்னிரண்டு வருடம் அது வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். பிறகு நானே வாயைத் திறந்து சொன்னேன். இதில் எந்த இடத்தில் நான் செய்தது தப்பு, எந்த இடத்தில் சரி என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியவில்லை.

முதலில் கலர் விஷயம். நம் பக்கத்தில் டிராக்டர் கம்பெனிப் பெயரை யாரும் சொல்வதில்லை. சிவப்பு வண்டி, நீல வண்டி, அவ்வளவுதான். புதிதாக வருகிறவன் கலர்தானே என்று நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு தடவை நீல வண்டிக் கம்பெனிக்காரர்கள் மெக்கானிக்குகளுக்கெல்லாம் நீல பனியன் ஒன்று சும்மா கொடுத்தார்கள். துணி நன்றாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பாகூர் பக்கம் கலியபெருமாள் ஐயா வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டேன். அவர் வீடு சிவப்பு வீடு.

ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார்.

"இத மாட்டிக்கினு வண்டிகிட்ட போ, ஏழுமல."

"வெள்ளச் சட்ட கிரீஸ் ஆயிடுமேங்க ஐயா."

"ஆவட்டும். அது பாத்தா இன்னா நெனைக்கும்?"

அது என்று அவர் சொன்னது டிராக்டரை. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. உடனே எனக்குப் பயம் வந்துவிட்டது. சட்டையை மாற்றிக்கொண்டுதான் வேலை செய்தேன்.

அவருடைய அப்பா காலத்தில் அந்த ஊரில் முதல் டிராக்டர் வாங்கியவர்கள் அவர்கள்தான். அது சிவப்பு. அதை விற்று வாங்கியது சிவப்பு. அப்புறம் ஐயா தன் கையால் வாங்கியது, நான் சொல்லப்போகிற இந்த வண்டி, அதுவும் சிவப்பு. சாமி அறையில் அவருடைய அப்பா முதல் வண்டியில் உட்கார்ந்திருக்கும் போட்டோ மாட்டியிருக்கும். அப்பாவுக்குப் பொட்டு வைக்கும்போது வண்டிக்கும் ஒரு பொட்டு வைப்பார்கள். அவர்கள் நிலத்தில் வேறு கலர் வண்டியின் சக்கரம் இறங்கியதில்லை. ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. இறங்கியதில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் தன் மகனுக்குப் பெண் எடுத்த இடம் நீல வீடு. நெட்டப்பாக்கம் பக்கம். பெண்ணின் பெயர் தேவகி. கல்யாணத்துக்கு மறுநாள் சீர்வரிசை எல்லாம் நீல டிராக்டரில் ஏற்றி வந்தார் பெண்ணின் அப்பா. ஐயா ஊர் எல்லையிலேயே தன் சிவப்பு வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். பீரோ, கட்டில், அண்டா, குத்துவிளக்கு எல்லாவற்றையும் ரோட்டில் இறக்கி, இந்த வண்டியில் மாற்றி ஏற்றிய பிறகுதான் ஊருக்குள் வந்தது. நானும் ஒரு கை பிடித்தேன். பீரோ கண்ணாடி உடைந்துவிடுமோ என்று எனக்கு ஒரே பயம்.

"சம்பந்தி, எங்க வண்டிக்கி உங்க ஊரு காத்து ஒத்துக்காதா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"காத்து ஒத்துக்கும். மண்ணுதான் ஒத்துக்காது."

"ஒரு நாளு உங்க வண்டி சேத்துல மாட்டிக்கும். எங்க வண்டிதான் வந்து இழுக்கப் போவுது, பாருங்க."

"அப்படி ஒரு நாளு வந்தா அந்த வண்டிய அங்கியே பொதச்சுடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். தேவகி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கூட வந்த காரில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணம் முடிந்து வந்த முதல் சம்பா. ஐயாவுக்கு மறுநாள் நடவு. நாற்று பறித்துக் கட்டுக் கட்டாக வரப்பில் வைத்தாகிவிட்டது. நடவுக்கு ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. கிழக்குப் பக்கத்து நிலத்தில் தண்ணீர் கட்டி, நடவுக்குச் சேற்றைக் குழப்பிச் சேடை ஓட்டிக்கொண்டிருக்கும்போது, வண்டியின் பின்னால் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரைத் தூக்கி இறக்குகிற பம்பு போய்விட்டது. ரோட்டவேட்டர் சேற்றுக்குள் இறங்கியது இறங்கியதுதான், தூக்கவில்லை.

காலை ஒன்பது மணிக்குப் போனேன். பிரித்துப் பார்த்தால் பம்பின் உள்பக்கம் முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. புதிய பம்பு விழுப்புரத்தில் கம்பெனிக் கடையில்தான் கிடைக்கும். போன் போட்டேன். ஸ்டாக் இல்லை, மூன்று நாள் ஆகும் என்றார்கள். மூன்று நாளில் பறித்த நாற்று என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நடவு ஆட்களும் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களைத் திரும்பப் பிடிக்கப் பத்து நாள்.

ஊரில் இருந்த சிவப்பு வண்டிகள் எல்லாம் அவரவர் நிலத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சும்மா நின்றது ஒரே ஒரு வண்டி, பக்கத்துத் தெருவில், நீலம். நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ஐயா, அரை நாளு வேல. பக்கத்துத் தெரு வண்டிய..."

"ஏழுமல, நாத்து காஞ்சா ஒரு போகம் போவும். அது வந்து எறங்குனா எங்கப்பா பேரு போவும். எது பெருசுன்னு நீயே சொல்லு."

எனக்கு எது பெரிசு என்று தெரியவில்லை. நாற்றுதான் பெரிசு என்று தோன்றியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர், பெயர் வேண்டாம், "வண்டியப் பாக்கறதுக்கு முன்னாடி வண்டிக்காரனப் பாருடா" என்பார். பார்த்தால் மட்டும் என்ன? பார்த்த பிறகு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லையே.

பம்பை எடுத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுப் பின்பக்கம் வைக்கோல் போர் அருகே தேவகி நின்று கையைக் காட்டினாள்.

"ண்ணா, அந்தப் பம்பு வேற வண்டிது ஏறாதா?"

"எந்த வண்டிதும்மா?"

அவள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "எங்கப்பா வூட்டுல பழைய வண்டி ஒண்ணு சும்மா கெடக்குது. இன்ஜின் போயிடுச்சி. ஆனா தூக்கறதெல்லாம் நல்லாத்தான் தூக்கும்."

"அது நீலமாச்சேம்மா."

"தெரியும்ணா. மாமாவுக்குத் தெரிய வேணாம். எங்கப்பாவுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "நான் இந்த வூட்டுக்கு வந்து மொத நடவுண்ணா. நின்னு போச்சுன்னா எவ கால் வெச்ச நேரம்னு பேசுவாங்க?"

வண்டிக்காரனைப் பார் என்றாரே, இதையும் சேர்த்துத்தான் சொன்னாரா, தெரியவில்லை. நான் நெட்டப்பாக்கம் போனேன்.

அவள் அப்பா கதவைத் திறந்து விட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானே ஸ்பேனர் பிடித்துக் கழற்ற உதவினார். நீல பம்பின் துளைகள் சிவப்பு வண்டியின் துளைகளோடு சேரவில்லை. வில்லியனூரில் லேத்துக்காரரை நச்சரித்து இடையில் வைக்க ஒரு தட்டு கடைந்து வாங்கினேன். மத்தியானம் மூன்று மணிக்குள் எல்லாம் கையில் இருந்தது. அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கடையில் பாதி டப்பா சிவப்பு பெயிண்ட் இருந்தது. பம்பைத் துடைத்து, தட்டைத் துடைத்து, சிவப்பு அடித்து, வெயிலில் வைத்துக் காயவிட்டேன். காய்வதற்குள் பத்துத் தடவை தொட்டுப் பார்த்து, ஒரு இடத்தில் என் விரல் ரேகையே விழுந்துவிட்டது. அதன் மேல் இன்னொரு பூச்சு.

ரோட்டவேட்டர் தூக்கியது. பழைய பம்பைவிட வேகமாகவே தூக்கியது. ஐயாவின் கண் கலங்கிவிட்டது.

"எங்கடா கெடச்சிது?"

"நேர்ல போயி கேட்டதுல விழுப்புரத்துல ஒண்ணே ஒண்ணு இருந்துதுங்க ஐயா."

"எவ்ளோ?"

இந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. பொய் சொல்லலாம், பொய்க்குப் பணம் வாங்குவது எப்படி? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். "உங்கப்பா பேரச் சொன்னேங்க ஐயா. பழைய கஸ்டமராச்சேன்னு சும்மா குடுத்துட்டாங்க."

தம்பிகளே, ஒரு பொய்யைவிட அதற்கு முட்டுக் கொடுக்கிற இரண்டாவது பொய்தான் ஆபத்து. அந்த மனிதர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "பாத்தியா ஏழுமல, எங்கப்பா செத்து இத்தினி வருஷம் ஆச்சி. கம்பெனிக்காரன் மறக்கலடா" என்றார்.

நடவு நின்றுபோகவில்லை. மறுநாள் குலவையோடு நட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குத்தான் தூக்கம் போனது.

முதல் பயம், பம்பைப் பற்றி. நீல பம்புக்கு அழுத்தம் அதிகம். சிவப்பு வண்டியின் உள்ளே எண்ணெய் கசியாமல் தடுக்கிற சீல் எல்லாம் அதைத் தாங்குமா? தூக்கி நிற்கும்போது ரோட்டவேட்டர் திடீரென்று கீழே விழுந்து யார் காலையாவது வெட்டிவிட்டால்? ஐயாவின் மகன் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கொஞ்ச நாளில் டிராக்டரை ஓட்டக் கற்றுக்கொண்டவள் தேவகி. அவள் ஓட்டுகிறாள் என்று கேள்விப்பட்ட பிறகு எனக்குப் பயம் இரண்டு மடங்கு ஆனது. ஒவ்வொரு பருவத்துக்கும் கூப்பிடாமலேயே போவேன். ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, பக்கத்தில் உயர அளவுக்கு ஒரு கட்டை வைத்துக் கால் மணி நேரம் பார்ப்பேன். அரை அங்குலம் கூட இறங்காது. இறங்காததைப் பார்த்தும் நிம்மதி வராது. பூச்சு உரிந்த இடத்தில் சிவப்பைத் தொட்டு வைத்துவிட்டு வருவேன்.

இரண்டாவது பயம் ஐயாவின் வாய். அவர் அந்தக் கதையைச் சொல்லாத டீக்கடை பாகூரில் கிடையாது. "பழைய கஸ்டமருன்னு பம்ப சும்மா எடுத்துக் குடுத்தான்பா" என்பார். கேட்டுவிட்டு இரண்டு பேர் சிவப்பு வண்டி வாங்கினார்கள். நான் பக்கத்தில் இருந்தால் "ஏழுமல, சொல்றா" என்பார். நான் டீ டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு "ஆமாங்க ஐயா" என்பேன். இரண்டு பேர் என் பொய்யை நம்பி வண்டி வாங்கியிருக்கிறார்கள். அந்த வண்டிகளும் நன்றாகத்தான் ஓடுகின்றன. அப்படியென்றால் நான் அவர்களுக்குச் செய்தது கெடுதலா? இதையும் யோசித்திருக்கிறேன். பிடிபடவில்லை.

பன்னிரண்டு வருடம் இப்படியே போயிற்று. இரண்டு வருடத்துக்கு முன்னால், மறுபடியும் சம்பா நேரம். நான் கடையை மூடிவிடலாம் என்று இருந்த சமயம். ஐயா போன் செய்தார்.

"நாளைக்கிக் காலையில வூட்டுக்கு வா. புது வண்டி எடுக்கறோம். பழசக் குடுத்துட்டு மாத்திக்கப் போறோம். கம்பெனியிலேர்ந்து பழசப் பாக்க ஆள் வரான். எங்க வண்டியில வேற கம்பெனித் திருகாணி ஒண்ணு கெடையாதுன்னு நீதான் சொல்லணும்."

அன்று நான் சாப்பிடவில்லை. போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா? போகாவிட்டால் கம்பெனி ஆள் பிரித்துப் பார்ப்பான், அப்போது தேவகி தனியாக மாட்டிக்கொள்வாள். போனால் நான் மாட்டிக்கொள்வேன். கடைசியில் போனேன். தைரியத்தில் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து என்ன ஆகிறதோ என்று நினைத்துக்கொண்டிருப்பது இன்னும் மோசமாக இருந்தது.

வண்டி களத்தில் நின்றது. முந்தின நாள் வரை தேவகி சேடை ஓட்டியிருந்தாள், சக்கரத்தில் சேறு காய்ந்திருந்தது. கிழக்கு நிலம் மட்டும் பாக்கி. மறுநாள் நடவு. விற்பனைக்காரத் தம்பி ஒருவன், டை கட்டியிருந்தான். கூட ஒரு மெக்கானிக் தம்பி. ஐயா அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுக் கதையை ஆரம்பித்துவிட்டார். அப்பா, முதல் வண்டி, போட்டோ, பம்பு.

"உங்க கம்பெனிக்கி நான் நேர்ல நன்றி சொன்னதே இல்ல தம்பி. இப்பச் சொல்றேன். எங்கப்பா பேருக்காவ அந்தப் பம்ப சும்மா குடுத்தீங்களே, அத நாங்க மறக்க மாட்டோம்."

விற்பனைத் தம்பி இளநீரைக் கீழே வைத்தான். "சும்மாவா சார்? அப்படி ஒரு ஸ்கீமே எங்ககிட்ட கெடையாதே."

"உனக்குத் தெரியாது. நீ அப்ப பள்ளிக்கூடம் போயிருப்ப. ஏழுமல, நீ சொல்லு, எந்த ஆபீசரு குடுத்தாருன்னு."

மெக்கானிக் தம்பி அதற்குள் பானெட் பக்கம் குனிந்து டார்ச் அடித்துவிட்டான். தேவகி வாசல்படியில் நின்றாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை சொல்லுங்கள் என்றதா, சொல்லாதீர்கள் என்றதா? இன்று வரை யோசிக்கிறேன். ஒரு ஆபீசர் பெயரைச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும். பெயர் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஐயா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். இல்லாத ஒரு ஆபீசருக்குக் கைகூப்பி நிற்கிறார். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"அது கம்பெனிப் பம்பு இல்லைங்க ஐயா."

"இன்னா?"

"நீல வண்டிது. நான்தான் செவப்பு அடிச்சேன். பழைய இரும்புக் கடையில..."

பாருங்கள், உண்மையைச் சொல்லும்போது கூட ஒரு பொய் கூடவே வந்துவிட்டது. தேவகி படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"இரும்புக் கடையில இல்ல மாமா. எங்கப்பா வூட்டு வண்டிது. நான்தான் எடுத்தாரச் சொன்னேன். ண்ணா மேல தப்பு இல்ல."

விற்பனைத் தம்பி நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்து, "பரவால்ல சார், இப்பல்லாம் ரெண்டு கம்பெனிக்கும் ஒரே எடத்துலேர்ந்துதான் பம்பு வருது" என்று சிரித்தான்.

"அது உனுக்கு" என்றார் ஐயா. "நீங்க கெளம்புங்க. அப்பறம் பேசலாம்." அவர்கள் போய்விட்டார்கள்.

ஐயா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அதக் கழட்டு."

"ஐயா, நாளைக்கி நடவு..."

"கழட்டுறா."

கழற்றினேன். நட்டு ஒன்று நழுவி மண்ணில் விழுந்தது. பம்பைச் சாக்கின் மேல் வைத்தேன். என் பையிலிருந்து உப்புத்தாளை ஐயாவே எடுத்தார். கீழே உட்கார்ந்து, பம்பை மடியில் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார். பன்னிரண்டு வருடத்துப் பூச்சு, சீக்கிரம் போகவில்லை. சிவப்புத் தூள் வேட்டியில் விழுந்தது. அடியிலிருந்து நீலம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. நானும் தேவகியும் நின்றுகொண்டே இருந்தோம். அடிப்பாரோ, அழுவாரோ, அவளை அப்பா வீட்டுக்குப் போகச் சொல்வாரோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்தேன்.

"தேவகி."

"மாமா."

"உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா. அவருதான் கழட்டிக் குடுத்தாரு."

"பன்னண்டு வருஷமா தெரியுமா?"

"ம்."

கை நின்றது. அவர் எதை எண்ணிப் பார்த்தார் என்று எனக்குப் புரிந்தது. பன்னிரண்டு வருடத்தில் எத்தனை காதுகுத்து, எத்தனை பொங்கல். ஒவ்வொன்றிலும் இரண்டு சம்பந்தியும் வண்டிச் சண்டை போடாமல் சாப்பிட உட்கார்ந்ததில்லை. அந்த நீல வீட்டு மனிதர் எல்லாக் கிண்டலும் செய்திருக்கிறார். இதை மட்டும் சொன்னதில்லை. ஒரே வார்த்தையில் இவரைக் கீழே தள்ளியிருக்கலாம். அந்த வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டே இவரிடம் தோற்றுப்போயிருக்கிறார்.

"ஒரு வார்த்த வுடலியே அந்த ஆளு" என்றார் ஐயா. கோபமாகத்தான் சொன்னார். எதன் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

தேவகி மெதுவாகச் சொன்னாள்: "மாமா, கெழக்கால நெலம் இன்னும் ஓட்டல. நாத்து பறிச்சி வெச்சாச்சி."

அதே நிலம், அதே நாற்று. பன்னிரண்டு வருடம் முன்னால் அவர் எது பெரிசு என்று என்னைக் கேட்டார். இப்போது யாரையும் கேட்கவில்லை. மீதி இருந்த சிவப்பையும் தேய்த்து எடுத்தார். கந்தல் துணியில் டீசல் தொட்டுத் துடைத்தார். எழுந்து என் கையில் கொடுத்தார்.

"மாட்டு."

மாட்டினேன். மூன்று தடவை முறுக்கிப் பார்த்தேன். வழக்கம்போல என் கை தானாகப் பைக்குள் போய்ச் சிவப்பு டப்பாவை எடுத்தது.

"பெயிண்ட் அடிக்காத" என்றார். "அது இன்னா கலரோ அப்படியே இருக்கட்டும்."

தேவகி ஏறி வண்டியைக் கிளப்பிக்கொண்டு கிழக்கே போனாள். சிவப்பு வண்டியின் விலாவில் அந்த நீலம் ரோட்டிலிருந்தே தெரிந்தது.

புது வண்டி எடுத்தார்கள். சிவப்புதான். பழசைக் கொடுக்கவில்லை. கம்பெனித் தம்பி எவ்வளவோ கேட்டும் ஐயா மாட்டேன் என்றுவிட்டார். பொங்கலுக்கு நீல வீட்டுச் சம்பந்தி வந்து, களத்தில் நிற்கிற பழைய வண்டியைச் சுற்றி வந்து, பம்பு எதிரில் நின்றாராம். தேவகி சொன்னாள். ஐயா உள்ளேயிருந்து, "இன்னாத்த பாக்கறீங்க சம்பந்தி? எல ஆறுது, வாங்க" என்றாராம். அவ்வளவுதான் பேச்சு. அன்று வண்டிச் சண்டை இல்லையாம். சண்டை இல்லாமல் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். அதுவும் நல்லதா கெட்டதா தெரியவில்லை.

பாடம் என்று கேட்டீர்கள். பார்ட்டை மாற்றினால் வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். சொல்ல முடியாத நிலைமை வந்தால், நடவு நிற்கப்போகிறது, ஒரு பெண் பேர் கெடப்போகிறது என்றால், அப்போது என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. கிடைத்த பார்ட்டை மாட்டத்தான் செய்வீர்கள், நானும் மாட்டுவேன். பெயிண்ட் டப்பாவை மட்டும் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கடையை மூடிவிட்டேன். எங்கேயும் வேலைக்குப் போவதில்லை. அந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் கூப்பிட்டால் போகிறேன். போன மாதம் போயிருந்தேன். புது வண்டி வாசலில் நின்றது. அதன் பின்பக்கம் எண்ணெய் லேசாகக் கசிந்திருந்தது. கை சும்மா இருக்குமா? குனிந்து துணியை எடுத்தேன்.

"ஏழுமல."

திரும்பினேன். ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அதத் தொடாத. கம்பெனி ஆளு வருவான்." கையைக் களத்துப் பக்கம் நீட்டினார். "நீ பழசப் பாரு. அத வேற எவனும் தொடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

என்னை மன்னித்துவிட்டாரா, தள்ளி வைத்திருக்கிறாரா? கேட்கப் பயமாக இருந்தது. பழைய வண்டியிடம் போனேன். தேவகி ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தினாள். கட்டையை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் பார்த்தேன். இறங்கவில்லை.